ஈஸ்டருக்கு நான், பெருநாளுக்கு அவன்

போன வெள்ளிக்கிழமை காலை கல்முனைச் சந்தையில் ஒரு கடைக்காரர் பம்பாய் வெங்காயச் சாக்கைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். சருகுத் தோல் காற்றில் எழும்பி வாழைக்குலை, தேங்காய்க் குவியல், என் சேட்டு என்று எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டது. நான் அதைத் தட்டிவிடவில்லை. குனிந்து இரண்டு கையாலும் அள்ளி, கத்தரிக்காய் வாங்கிய பையிலேயே போட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"காக்கா, வெங்காயம் உள்ளுக்கு இரிக்கி. நீங்க தோல அள்ளுறீங்க." காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்.

"முட்டை அவிக்க," என்றேன்.

"முட்டைக்கு என்னத்துக்குத் தோல்?"

பதில் சொல்லலாம்தான். ஆனால் எங்கிருந்து தொடங்குவது, கிரேக்க நாட்டிலிருந்தா, பொத்துவிலிலிருந்தா? ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு நடந்தேன். நடந்தேன் என்று சொல்வதும் சரியில்லை, இந்த நாட்களில் என் நடை கிட்டத்தட்ட ஓட்டம். பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும் காலத்தில் எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. கடைக்குப் போவேன், கல்லாவில் இருப்பேன், எதையோ மறந்துவிட்டதுபோல வீட்டுக்கு வருவேன், வந்த பிறகு எதை மறந்தேன் என்பதை மறந்து மறுபடி கடைக்குப் போவேன். நான் இப்போது நடத்துவது பிளாஸ்டிக் சாமான் கடை. வாளியும் கோப்பையும் நான் பார்த்துக்கொண்டிராவிட்டாலும் அப்படியேதான் இருக்கும், அதனால் பெரிய நட்டமில்லை. என் மனைவி இதைப் பல வருடமாகப் பார்த்தவள். "வாப்பாக்கு சீசன் தொடங்கிட்டு," என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிப்பாள். சீசன் என்ற சொல்லை அவள் சும்மா போடுவதில்லை.

சீசன் என்றால் அலைச் சீசன். பொத்துவிலுக்குப் பக்கத்தில் அறுகம்குடாவில் சித்திரை வாக்கில் அலை எழும்பத் தொடங்கும். அலையோடு பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெள்ளைக்காரர்களும் வருவார்கள். சுனாமிக்குப் பிறகு பொத்துவில் ஹாஜியார் ஒருவர் அங்கே ஒரு கெஸ்ட் ஹவுஸ் கட்டினார். முன்னால் தென்னை, நடுவில் அறைகள், பின்னால் சமையல்கூடம். கல்முனையிலிருந்து போன எனக்கு ரிசப்ஷன் வேலை. மேசைக்குப் பின்னால் அமர்ந்து புன்னகைப்பதுதான் ரிசப்ஷன் என்று நம்பிப் போனேன். அறை கூட்டுவது, மோட்டார் நின்றுபோனால் ஆள் தேடுவது, பாம்பு வந்தால் தடியெடுப்பது, ஓட்டோக்காரர்களோடு சண்டை பிடிப்பது எல்லாம் ரிசப்ஷனில் அடக்கம் என்பது போன பிறகுதான் தெரிந்தது. இங்கிலீஷ் எனக்கு ஓரளவு வரும். வராத இடத்தில் சிரிப்பேன். பல வருடம் அந்தச் சிரிப்பில்தான் என் குடும்பம் நடந்தது.

சமையல் சேவியர். கோமாரிக்காரன், கத்தோலிக்கன், என் வயது. கோமாரி பொத்துவிலுக்குச் சற்று வடக்கே இருக்கிறது. கல்முனை பஸ்ஸில் நான் ஒவ்வொரு முறையும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போவேன். நான் பேசுவதில் பாதிகூட அவன் பேசமாட்டான். அவன் வைத்த நண்டுக் கறிக்காகவே திரும்பி வந்தவர்கள் உண்டு, அதற்கும் அவன் ஒன்றும் சொல்லமாட்டான். கறி நன்றாயிருக்கிறது என்று யாராவது சமையல்கூடம் வரை வந்து சொன்னால் துடைத்த சட்டியையே மறுபடி துடைப்பான்.

ஈஸ்டர் என்கிற உயிர்த்த ஞாயிறு சரியாகச் சீசன் தொடங்கும் நேரம் பார்த்துத்தான் வரும். ஹாஜியாரிடம் லீவு கேட்பது சுவரிடம் வழி கேட்பது மாதிரி. "லீவு ஒண்டும் குடுக்கேலா. உங்களுக்குள்ள மாத்திக்குங்க," என்பார். மாற்றிக்கொண்டோம். பெரிய வெள்ளியிலிருந்து ஞாயிறு முடியும்வரை சமையலை நான் பார்ப்பேன். நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் ரிசப்ஷனில் அவன் நிற்பான். ஒருவன் கேட்க வேண்டியதும் இல்லை, மற்றவன் சரி சொல்ல வேண்டியதும் இல்லை. அந்தந்த நாளில் மற்றவன் வந்து நிற்பான், அவ்வளவுதான். இது எங்கள் கண்டுபிடிப்பும் இல்லை. எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரி, தபாற்கந்தோர், பஸ் டிப்போ எங்கும் இதுதான் நடைமுறை. நத்தார் என்கிற கிறிஸ்மசுக்கு முஸ்லிம் நிற்பான், பெருநாளுக்குக் கிறிஸ்தவன் நிற்பான், தைப்பொங்கலுக்கு இரண்டு பேரில் யார் தோதோ அவர் நிற்பார். மேடையேறி ஒற்றுமை பற்றிப் பேசுகிறவர்களுக்கு இது விளங்காது, ஏனென்றால் அவர்களுக்கு ஒரு நாளும் டியூட்டி கிடையாது.

நாங்கள் இருவருமே மற்றவனின் வேலையில் படுமோசம் என்பதையும் சொல்ல வேண்டும். நான் சுட்ட பராட்டாவை ஒரு டென்மார்க்காரன் கத்தியால் அறுக்கப் பார்த்து, பிறகு அதைத் தட்டுக்கு அடியில் மறைத்துவைத்ததை என் கண்ணால் கண்டேன். சேவியரோ ஃபோன் அடித்தால் எடுத்து, யார் என்ன என்று கேட்பதற்கு முன்பே "ரூம் இல்ல" என்று சொல்லி வைத்துவிடுவான். ஒரு ஹஜ்ஜுப் பெருநாள் முழுக்க அவன் அப்படிச் சொல்லி, அடுத்த நாள் நான் வந்தபோது பாதி அறை காலி. ஹாஜியார் வாசலில் நின்று என்னைத்தான் ஏசினார்.

ஆனால் அந்த மூன்று நாள் அடுப்படியில் நின்றதால் ஒன்று நடந்தது. உலகத்து ஈஸ்டர் எல்லாம் என்னைத் தேடி வந்தது. வெளிநாட்டுக்காரர்களுக்குப் பண்டிகை நினைப்பு வந்தால் ரிசப்ஷனுக்கு வரமாட்டார்கள், நேரே சமையல்கூடத்துக்குத்தான் வருவார்கள்.

ஒரு வருடம் ஜெர்மன் குடும்பம் ஒன்று சின்னப் பிள்ளைகளோடு வந்தது. சனிக்கிழமை பின்னேரம் தாய்க்காரி நிறம் பூசிய முட்டைகளை ஒரு கூடையில் கொண்டுவந்து, பிள்ளைகள் எழும்புவதற்கு முன் இவற்றைத் தோட்டத்தில் ஒளித்துவை என்றாள். ஒளிக்கச் சொன்னதுதானே, ஏன் என்று நான் கேட்கவில்லை. நாங்கள் ஒளித்துப் பழகிய ஊர்க்காரர். துவக்கோடு ஆட்கள் இரண்டு பக்கமும் திரிந்த காலத்தில் நகையை எங்கே புதைப்பது, நெல்மூட்டையை எதன் பின்னால் மறைப்பது என்பதையெல்லாம் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவர்கள். நான் மண்வெட்டியை எடுத்தேன். தென்னையடியில் முழங்கை ஆழம் தோண்டி, முட்டைகளை வைத்து மூடி, மணலைப் பரப்பி, காய்ந்த ஓலையால் இழுத்து என் கால் தடத்தையும் அழித்தேன். காலையில் பிள்ளைகள் தேடினார்கள். செடிக்குள் பார்த்தார்கள், கதிரைக்கு அடியில் பார்த்தார்கள், கடைசியில் அழத் தொடங்கினார்கள். எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. தாய்க்காரி முகம் சிவந்து வந்து எங்கே என்று கேட்டபோதுதான் பார்க்கிறேன், எந்தத் தென்னை என்பது எனக்கே மறந்துபோயிற்று.

திங்கட்கிழமை சேவியர் வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தான்.

"கண்டுபிடிக்கத்தான் மச்சான் ஒளிக்கிறது."

"கண்டுபிடிக்கிறத்துக்கு என்னத்துக்குடா ஒளிக்கிற?" என்று கேட்டேன். அந்தக் கிழமை முடிவதற்குள் தெருநாய்கள் பாதியைக் கண்டுபிடித்தன. மீதியை வாசம் காட்டிக்கொடுத்தது.

வெங்காயத் தோல் வந்தது கிரேக்கப் பெண்ணோடு. ஈஸ்டர் முடிந்து சேவியரும் வேலைக்குத் திரும்பிய பிறகு அவள் வந்து, எங்கள் சபையின் நாட்காட்டி வேறு, என் ஈஸ்டர் இனிமேல்தான், எனக்குச் சிவப்பு முட்டை வேண்டும் என்றாள். சேவியர் திகைத்துப்போனான். உயிர்த்த ஞாயிறு இரண்டு உண்டு என்பது அவனுக்கு அதுவரை தெரியாது. எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. "எங்கட ஊர்ல பிறை பாக்கிற பிரச்சினையில ஒரு தெருவுக்கு இண்டைக்குப் பெருநாள், அடுத்த தெருவுக்கு நாளைக்கு. வெள்ளைக்காரனும் நம்மளப்போலதான்," என்றேன். அவள் வெங்காயத் தோலைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, வினாகிரி ஊற்றி, அதில் முட்டையை அவித்தாள். அடுப்படி முழுக்கப் புளித்த வாடை. முட்டை கருஞ்சிவப்பாக, கடையில் வாங்கிய சாயத்தைவிட அழகாக வந்தது. பிறகு எங்கள் எல்லோர் கையிலும் ஆளுக்கொரு முட்டையைக் கொடுத்து ஒன்றோடொன்று முட்டவைத்தாள். உடையாமல் கடைசிவரை நிற்கும் முட்டைக்காரனுக்கு அந்த வருடம் முழுக்க நல்ல காலமாம். ஜெயித்தது ஹாஜியார். அவருக்கு ஏற்கெனவே நல்ல காலம்தான் என்று சேவியர் என் காதில் சொன்னான்.

போலந்துக்காரர்கள் இன்னொரு வகை. ஈஸ்டர் முடிந்த திங்கள் காலை ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றுவது அவர்கள் வழக்கம். ஒரு போலந்துச் சோடி, வாளியோடு ஒருவரையொருவர் துரத்திக்கொண்டு வளைவில் திரும்ப, சுபஹு தொழுதுவிட்டு வந்துகொண்டிருந்த ஹாஜியார்மேல் முழு வாளியும் போயிற்று. தொப்பியிலிருந்து தாடிவரை சொட்டச் சொட்ட நின்றார். நான் ஓடிப்போய், இது அவர்களுடைய பெருநாள் வழக்கம், நல்லதுக்குத்தான் என்று விளக்கினேன். அவர் நிதானமாகத் தாடியைப் பிழிந்தார். "நம்மட ஆக்களுக்கு மத்தவன் தண்ணி ஊத்துறது மௌத்தானாப் பிறகு, குளிப்பாட்டி அடக்கக்குள்ளதான்," என்றார். "எனக்கு இன்னும் கொஞ்சக் காலம் இரிக்கி எண்டு அதுகளுக்குச் சொல்லு." அந்தச் சோடி மதியம் அவருக்கு அன்னாசிப்பழம் வாங்கி வந்து மன்னிப்புக் கேட்டது.

அவரை உண்மையில் அசைத்தது தண்ணீர் அல்ல, ஓர் எகிப்துக்காரன். நல்ல தொழுகையாளி, வெள்ளிக்கிழமை எங்களோடு பொத்துவில் பள்ளிக்கு வருவான். அவன் ஒரு நாள் சமையல்கூடத்துக்கு வந்து, உப்பில் ஊறிய மீன் கிடைக்குமா என்று கேட்டான். அவர்கள் ஊரில் கிறிஸ்தவர்களுடைய ஈஸ்டருக்கு மறுநாள் முஸ்லிமும் கிறிஸ்தவரும் குடும்பம் குடும்பமாக வெளியே போய், புல்லில் இருந்து உப்பு மீனும் வெங்காயமும் நிறமுட்டையும் சாப்பிடுவார்களாம். ஹாஜியார் நம்பவில்லை. முஸ்லிமுமா என்று என்னைக் கேட்கவைத்தார், மறுபடியும் கேட்கவைத்தார். சேவியர் வாளைக் கருவாட்டைப் பொரித்துக் கொண்டுவந்து வைத்தான். எகிப்துக்காரன் ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினான். அப்போது அவன் எந்த ஆற்றங்கரையில் இருந்தானோ, நிச்சயமாக அறுகம்குடாவில் இல்லை.

இப்படியே எத்தனையோ. ஒரு சுவீடன்காரி, தன் ஊரில் சிறுபிள்ளைகள் சூனியக்காரிகள்போல முக்காடிட்டு வீடுவீடாகப் போய் இனிப்பு வாங்குவார்கள் என்றாள். பெர்முடா என்ற தீவில் பெரிய வெள்ளியன்று ஊரே பட்டம் விடுமாம். பிரான்சில் கோயில் மணிகள் எல்லாம் ரோமாபுரிக்குப் பறந்துபோய், ஞாயிறன்று பிள்ளைகளுக்குச் சொக்லேட் கொண்டுவருமாம். மணி எப்படிப் பறக்கும் என்று நான் கேட்டதற்கு அந்தப் பிரெஞ்சுக் கிழவர், ஈஸ்டர் முட்டையை இடுவது முயல்தான் என்கிற ஜெர்மன்காரனிடம், முயல் எப்படி முட்டையிடும் என்று கேட்டாயா என்றார். நியாயம்தான்.

எல்லோருடைய ஈஸ்டரையும் சொன்னேன், சேவியருடையதைச் சொல்லவில்லை. அது எனக்குத் திங்கட்கிழமை காலையில், ஒரு மூடிபோட்ட சட்டியில் வரும். கோழிக்கறி. கூடவே வாழையிலையில் கட்டிய பிட்டு. முதல் வருடம் நான் சட்டியைத் திறக்கத் தயங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னான்.

"சாப்பிடு. சனிக்கிழமையே பொத்துவில்ல லெப்பைட்டக் குடுத்து அறுத்தது."

தன் வீட்டுச் சேவலைக் காலைக் கட்டி, மோட்டார் சைக்கிளில் தொங்கவிட்டு, பொத்துவில்வரை கொண்டுபோய் பள்ளிவாசல் லெப்பையிடம் ஹலாலாக அறுப்பித்து, திரும்பக் கோமாரிக்குக் கொண்டுபோய்ச் சமைத்திருக்கிறான். அதுவும் அவர்கள் விரதம் இருக்கிற, நாள் முழுக்கக் கோயில் வேலை இருக்கிற சனிக்கிழமையில். பிறகு ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். எனக்காக ஒரு கோழி தனியாக அறுப்பது வீண் என்று அவன் மனைவிக்குப் பட்டிருக்க வேண்டும், கடைசியில் அந்த வீட்டில் உயிர்த்த ஞாயிற்றுக் கோழி முழுவதுமே லெப்பை அறுத்ததாகிவிட்டது. பதிலுக்கு நான் பெருநாள் கழித்து எங்கள் வீட்டு இனிப்பு, வட்டிலப்பம், கொண்டுபோவேன். அவன் அதை நின்றபடியே தின்பான்.

இதற்கு மேலே எழுதாமல் விடலாமா என்று இரண்டு தரம் எழும்பிப் போய், முற்றத்தில் நின்றுவிட்டு வந்தேன். கடைசி ஈஸ்டரைச் சொல்லாவிட்டால் மேலே சொன்னதெல்லாம் வெறும் வேடிக்கையாகிவிடும்.

எல்லோருக்கும் தெரிந்த அந்த 2019 உயிர்த்த ஞாயிறுதான். காலையில் நான் ஒம்லட்டுக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். வெளியே மேசையில் இருந்த ஓர் அவுஸ்திரேலியக்காரன் ஃபோனைப் பார்த்தபடி, கொழும்பில் ஒரு தேவாலயத்தில் குண்டு என்றான். பிறகு நீர்கொழும்பு என்றான். பிறகு மட்டக்களப்பு. அவன் வாயில் ஊர்ப்பெயர்கள் உடைந்து உடைந்து வந்தன. எனக்கு முதலில் கோமாரிக் கோயில்தான் நினைவுக்கு வந்தது. சேவியருக்கு ஃபோன் எடுத்தேன், லைன் போகவில்லை. அடுப்பில் எண்ணெய் கருகி அடுப்படியே புகைமண்டலமானது. பத்து முறையோ இருபது முறையோ எடுத்திருப்பேன், மதியம் தாண்டித்தான் அவன் குரல் கேட்டது.

"நான் இருக்கன்."

"வீட்டு ஆக்கள்?"

"இருக்காங்க. அக்காட மகள் மட்டக்களப்பில. ஆஸ்பத்திரியில வெச்சிருக்காங்க."

"நான் வாறன்டா."

"வேணா மச்சான்," என்றான். "நீ இப்ப வராத."

செய்தவர்களுடைய பெயர்கள் பிறகு வந்தன. எல்லாம் எங்கள் பள்ளிவாசலில் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற பெயர்கள். அவர்கள்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவதென்று தெரியவில்லை. தேவாலயத்தில் செத்துப்போன பிள்ளைகளை நினைத்து அழுதேன். அழுவதற்கு எனக்கு உரிமை இருக்கிறதா என்று யாராவது கேட்பார்களோ என்று பயந்து குளியலறைக்குள் போய் அழுதேன். அதே கிழமை கல்முனைக்குப் பக்கத்திலேயே அவர்களுடைய கூட்டாளிகள் பதுங்கியிருந்த ஒரு வீட்டில் துப்பாக்கிச் சண்டை, குண்டு, ஊரடங்கு. என் மனைவி பிள்ளைகளை நடு அறையில் படுக்கவைத்துக்கொண்டு ஃபோனில் குசுகுசுத்தாள். அறுகம்குடாவிலோ வேன்கள் வரிசையாக வந்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போயின. மிஞ்சியது அந்த அவுஸ்திரேலியக்காரன் ஒருவன். அலையைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தான். அவனுக்காக நானும் எனக்காக ஹாஜியாரும் இருந்தோம். சேவியருக்கு ஹாஜியார், கேட்காமலேயே லீவு கொடுத்திருந்தார். அவர் வாழ்க்கையில் கொடுத்த முதல் லீவு அதுவாகத்தான் இருக்கும்.

நோன்பு வந்தது. அவன் மருமகள் பிழைத்துக்கொண்டாள் என்று கேள்விப்பட்டேன். நான் அனுப்பும் குறுஞ்செய்திக்கு அவன் "ஓம்" என்று மட்டும் பதில் போடுவான். பெருநாள் நெருங்க நெருங்க எனக்கு ஒரே நினைப்பு, அவன் வருவானா? ஒரேயொரு விருந்தாளிக்கு நான் நின்றால் என்ன, நிற்காவிட்டால் என்ன. ஹாஜியாரே ஒரு பின்னேரம் அதைக் கேட்டார்.

"பெருநாளைக்கு என்ட மகன நிப்பாட்டட்டா? நீ வீட்ட போ."

"வேணா ஹாஜி. சேவியர் வருவான்."

"வாறன் எண்டு சொன்னானா?"

"இல்ல."

"அப்ப நீ கேளன்."

கேட்கவில்லை. கேட்டால் அது உதவியாகிவிடும். இத்தனை வருடம் அது உதவியாக இருந்ததில்லை. அவன் வராவிட்டால் எங்களுக்குள் இருந்தது முடிந்தது என்று அர்த்தம், அதை அவன் வாயால் கேட்கும் தைரியமும் எனக்கு இல்லை. நோன்பு திறக்கக் கஞ்சியோடு இருந்தாலும் என் காது ரோட்டில்தான். கஞ்சிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே கேற்வரை நடப்பேன், திரும்புவேன். அவுஸ்திரேலியக்காரன் அலைக்குக் காத்திருந்தான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வாசலில் நின்று ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறை கண்டதாக ரேடியோவில் சொன்னார்கள். மறுநாள் சுபஹு தொழுதுவிட்டு, வருகிறவன் வரட்டும் என்று ரிசப்ஷன் மேசையைத் துடைக்கத் தொடங்கினேன். துடைத்து முடிப்பதற்குள் மோட்டார் சைக்கிள் சத்தம். சேவியர் மெலிந்திருந்தான். ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"இன்னும் குளிக்கல்லையா? போ. தொழுகைக்கு நேரம் போகுது."

துணியை மேசையிலேயே போட்டேன். பிறகு மருமகள் எப்படி என்று கேட்டேன்.

"ஒரு காது கேக்காது. மத்ததுக்குப் பரவாயில்ல." மேசையில் கிடந்த துணியை எடுத்து, நான் துடைத்த இடத்தையே துடைத்தான். "உன்ட பெருநாளுக்கு வந்தன் மச்சான். நாளைக்கு நீ வந்ததும் போயிருவன். அதுக்குப் பிறகு வேலைக்கு வரமாட்டன். ஹாஜியிட்ட இப்பதான் போய்ச் சொல்லிட்டு வாறன்."

"என்னோட கோவமா?"

"உன்னோட இல்ல." துணியை மடித்தான். "ஆனா அத ஒவ்வொரு ஆளுக்கும் சொல்லிக்கொண்டு திரியேலா. வீட்டிலயும் கேக்காங்க, கோயில்லயும் கேக்காங்க."

ஊருக்குப் போனேன். வழியெல்லாம் சோதனைச்சாவடி, அடையாள அட்டை, இறங்கி நடந்து ஏறுவது. பிள்ளைகளுக்குப் புது உடுப்பில்லாத பெருநாள். மனைவி, இருக்கிற சாமானில் வட்டிலப்பம் அவித்தாள். மறுநாள் விடிந்ததும் அதைக் கட்டிக்கொண்டு திரும்பினேன். சமையல்கூடம் மினுங்கிக்கொண்டிருந்தது. சேவியர் வழக்கம்போல நின்றபடியே தின்றான். தின்று, கோப்பையைக் கழுவி, என் கையில் தந்தான்.

"நல்லா இருக்கு. வீட்டில தங்கச்சிட்டச் சொல்லு."

பிறகு வாசல்வரை போனவன் நின்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்த ஈஸ்டருக்கும் கோழி லெப்பைட்டதான் அறுத்தது. சட்டியோட கிடந்து பழுதாப் போயிட்டு. நாய்க்குத்தான் போட்டம்."

இதைச் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தான். அதற்குப் பிறகு நான் அவனைக் காணவில்லை. கொஞ்சக் காலம் மட்டக்களப்பில் அக்காவோடு இருந்தான், பிறகு குடும்பத்தோடு சைப்பிரசுக்குப் போய்விட்டான், அங்கே ஒரு ஹோட்டலில் சமையல் என்று ஹாஜியாரின் மகன் சொன்னான். வீட்டை விற்றுவிட்டானாம். சைப்பிரசில் கிரேக்கர்தான் அதிகம் என்கிறார்கள், அப்படியானால் அவன் இப்போது கைநிறையச் சிவப்பு முட்டை அவித்துக்கொண்டிருப்பான். நானும் இங்கே வருடா வருடம் வெங்காயத் தோலில் நாலு முட்டை அவிக்கிறேன். அவனிடம் யாராவது இரண்டாவது ஈஸ்டரைப் பற்றிச் சொன்னால் இப்போது திகைக்கமாட்டான்.

கொரோனாவோடு நானும் வேலையை விட்டேன். ஹாஜியார் மௌத்தாகி, மகன் கெஸ்ட் ஹவுஸுக்கு மாடி கட்டியிருக்கிறார். அலை இருக்கிறது, ஆட்களும் நிறைய வருகிறார்களாம். வேலைக்கு யார் எப்போது என்பதை ஃபோனில் பார்த்துக்கொள்கிறார்கள். பெருநாளுக்கு முஸ்லிம் பையன்களுக்கு லீவு, ஈஸ்டருக்குக் கிறிஸ்தவப் பையன்களுக்கு லீவு, எல்லாம் ஒழுங்கு. ஒருவன் நாளுக்கு இன்னொருவன் வந்து நிற்கும் தேவை யாருக்கும் இல்லை. அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், சொல்லிவிட்டு மறுபடி எழும்பி முற்றத்துக்குப் போகிறேன்.

போன கிழமை என் மகள் பாடசாலைக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று வந்தாள். உலக நாடுகளில் ஈஸ்டர் எப்படிக் கொண்டாடப்படுகிறது. எனக்கு வாய் நிற்கவில்லை. ஜெர்மனி, கிரேக்கம், போலந்து, எகிப்து, சுவீடன் என்று சொல்லிக்கொண்டே போனேன், அவள் எழுதிக்கொண்டே வந்தாள்.

"நம்மட பக்கத்துல, வாப்பா? கோமாரி, திருக்கோவில் பக்கமெல்லாம் என்ன செய்யிறாங்க?"

கோழிக்கறி என்று சொல்ல வாயெடுத்தேன். அது அவர்கள் எனக்காகச் செய்தது. தங்களுக்காக என்ன செய்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. சனிக்கிழமை இரவு கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்களா, விடிய முன் ஊர்வலம் போவார்களா, பிள்ளைகளுக்குப் புது உடுப்பு எடுப்பார்களா, ஒன்றும் தெரியாது. எப்படித் தெரியும், கோமாரியில் உயிர்த்த ஞாயிறு நடந்த ஒவ்வொரு முறையும் நான் அவன் அடுப்படியில் நின்றேன். அவனும் கல்முனையில் ஒரு பெருநாளைப் பார்த்ததில்லை, என் மேசையில் நின்று "ரூம் இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

இப்போது இரண்டு நாளும் எனக்கு ஓய்வுதான். பொத்துவில் பஸ் கல்முனையிலிருந்து காலையிலேயே இருக்கிறது. கோமாரியில் இறங்கினால் கோயிலை யாரும் காட்டுவார்கள். ஆனால் தொப்பியும் தாடியுமாக உயிர்த்த ஞாயிறன்று அங்கே போய் நிற்கிற என்னிடம், யாரைப் பார்க்க வந்தாய் என்று ஒருவர் கேட்டால், சொல்வதற்கு அந்த ஊரில் எனக்கு ஒரு பெயர் இல்லை.